எந்த ஜார் எந்த வாருக்குள்?

ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களின் கேள்விகள் பலவும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. பல அப்ளிகேஷன்களுக்குப் பொதுவான லைப்ரரிகளை எங்கே வைப்பது, யார் சுமப்பது? இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: ஒரே டாம்கேட்டில் எங்கள் அப்ளிகேஷன்கள் நான்கு ஓடுகின்றன. நான்கிலும் ஸ்பிரிங், ஹைபர்நேட், ஜாக்சன் என்று அதே ஜார்கள்தான். வார் கோப்பு ஒவ்வொன்றும் குண்டாகிக்கொண்டே போகிறது. பொதுவானவற்றை டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் ஒருமுறை போட்டுவிட்டால் என்ன?

பதில்: போடலாம். ஓடவும் ஓடும். ஆனாலும் போடாதீர்கள்.

டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் உள்ளதை 'காமன்' கிளாஸ்லோடர் ஏற்றுகிறது. அதற்குக் கீழே அப்ளிகேஷனுக்கு ஒன்றாகத் தனித்தனி கிளாஸ்லோடர்கள். கீழே இருப்பவருக்கு மேலே உள்ளது தெரியும். மேலே இருப்பவருக்குக் கீழே உள்ளது தெரியாது. தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியிலிருந்துதான் முளைக்கின்றன. மேலே ஏறிப்போன லைப்ரரி, உங்கள் வாருக்குள் இருக்கும் ஒரு கிளாஸைப் பெயர் சொல்லித் தேடினால் அதன் கண்ணுக்கு அகப்படாது. த்ரெட் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரைக் கேட்டுப் பார்க்கும் பழக்கமுள்ள லைப்ரரி தப்பிக்கும். அந்தப் பழக்கம் இல்லாதது கிளாஸ் கிடைக்கவில்லை என்று எர்ரர் போட்டுவிட்டு நிற்கும்.

அடுத்தது ஸ்டாட்டிக் ஃபீல்டுகள். மேலே ஒரு ஜார்தான் இருக்கிறது என்றால் அதன் ஸ்டாட்டிக் மதிப்பும் நான்கு அப்ளிகேஷனுக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒருவர் மாற்றினால் மற்ற மூவருக்கும் மாறிவிடும். அந்த லைப்ரரி உங்கள் கிளாஸ்களைத் தன் கேஷில் பிடித்து வைத்துக்கொண்டால், நீங்கள் அப்ளிகேஷனை அன்டிப்ளாய் செய்தாலும் அதன் கிளாஸ்லோடர் நினைவகத்தை விட்டுப் போகாது. இரண்டு, மூன்று ரீடிப்ளாய்க்குப் பிறகு மெட்டாஸ்பேஸ் நிரம்பி சர்வரே படுத்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஒரு டீமுக்குப் புதிய ஸ்பிரிங் தேவைப்பட்டால், மற்ற மூன்று டீமும் அன்றைக்கே டெஸ்ட் செய்தாக வேண்டும். டிஸ்க்கில் கொஞ்சம் இடம் மிச்சம். அதற்கு விலையாக நான்கு டீமின் ரிலீஸ் தேதியும் ஒன்றாகிவிடுகிறது. இந்த விலை கொடுக்கத் தகுந்ததல்ல.

கேள்வி: அப்படியானால் டாம்கேட் லிப்பில் நாமாக எதைத்தான் போடலாம்?

பதில்: டாம்கேட் தானே பயன்படுத்தப்போகும் ஜாரை. சரியான உதாரணம் ஜேடிபிசி டிரைவர். டேட்டாசோர்ஸை டாம்கேட்டின் கான்ஃபிகரேஷனில் எழுதியிருந்தால், கனெக்‌ஷன் பூலைக் கட்டுவது உங்கள் அப்ளிகேஷன் அல்ல, டாம்கேட். அதன் கண்ணுக்கு டிரைவர் தெரிந்தாக வேண்டும். ஆகவே போஸ்ட்கிரெஸ் டிரைவரோ மைஎஸ்க்யூஎல் டிரைவரோ டாம்கேட் லிப்பில். உங்கள் வாருக்குள் அது வேண்டாம்.

பூலை அப்ளிகேஷனே கட்டுகிறது என்றால் டிரைவர் வாருக்குள்தான் இருக்க வேண்டும். அப்போது ஒரு சங்கதியைக் கவனியுங்கள். டிரைவர் மேனேஜர், ஜேவிஎம் முழுமைக்கும் ஒரே ஒருமுறைதான் டிரைவர்களைத் தேடிப் பதிவு செய்கிறது. டாம்கேட் அந்தத் தேடலைத் தான் கிளம்பும்போதே முடித்துவிடுகிறது. வாருக்குள் இருக்கும் டிரைவர் தானாகப் பதிவாகும் என்று நம்பி உட்காரக்கூடாது. டிரைவர் கிளாஸின் பெயரை வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 'ப்ராவைடட்' ஸ்கோப்பைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: கல்யாண வீட்டுக்குப் போகிறவர் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதில்லை. கம்பைல் செய்ய ஜார் வேண்டும், ஓடும்போது சர்வர் கொடுத்துவிடும், ஆகவே வாருக்குள் வைக்காதே என்று மேவனிடம் சொல்வதுதான் ப்ராவைடட். சர்வ்லெட் ஏபிஐ, ஜேஎஸ்பி ஏபிஐ எல்லாம் இந்த வகை.

கேள்வி: அந்த சர்வ்லெட் ஏபிஐ ஜாரை ப்ராவைடட் என்று குறிக்காமல் வாருக்குள் விட்டுவிட்டேன். டாம்கேட் ஒன்றும் உடைந்துவிடவில்லையே?

பதில்: டாம்கேட் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. பழைய டாம்கேட் பதிப்பென்றால் லாக்கைத் திறந்து 'வேலிடேட் ஜார் ஃபைல்' என்று தேடுங்கள். ஜாரின் முழுப் பாதையும் அதையடுத்து 'ஜார் நாட் லோடெட்' என்பதும் வரும். பிறகு சர்வ்லெட் ஸ்பெசிஃபிகேஷனில் எந்தப் பிரிவைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. கடைசியில் 'அஃபெண்டிங் கிளாஸ்' என்று போட்டு, சர்வ்லெட் கிளாஸின் முழுப் பெயர். அந்த ஒரு கிளாஸை உங்கள் ஜாருக்குள் பார்த்தவுடனேயே, மொத்த ஜாரையும் ஏற்றாமல் ஒதுக்கிவிட்டது என்று பொருள்.

இந்த வரியைக் கண்டும் காணாமல் போகிறவர்கள் அநேகம். இதே வாரை நாளைக்கு வேறு சர்வரில் வைத்தால், அதுவும் இப்படிக் காப்பாற்றும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பெரும்பாலும் இந்த ஜாரை நீங்கள் கேட்டே இருக்கமாட்டீர்கள். வேறு ஏதோ லைப்ரரியின் வால் பிடித்து வந்திருக்கும். மேவனின் டிபென்டென்சி ட்ரீ கட்டளையை ஓட்டினால் யார் கூட்டிவந்தார் என்பது தெரியும். அந்த லைப்ரரியின் கீழ் 'எக்ஸ்க்ளூஷன்' எழுதுங்கள். அல்லது சர்வ்லெட் ஏபிஐயை உங்கள் பாம் எக்ஸ்எம்எல்லிலேயே ப்ராவைடட் என்று அறிவித்துவிடுங்கள். நேரடி அறிவிப்பு மற்றதை வெல்லும்.

கேள்வி: பொதுவான கோடை ஒரு தனி ஜாராகப் பிரித்தோம். அதில் ஒரு டிபென்டென்சியை ப்ராவைடட் என்று போட்டோம். அந்த ஜாரைப் பயன்படுத்தும் அப்ளிகேஷனில் அந்த டிபென்டென்சி காணாமல் போகிறது. மேவனில் பக் இருக்கிறதா?

பதில்: பக் இல்லை, விதியே அதுதான். ப்ராவைடட் வழிவழியாகக் கடந்து வராது. டெஸ்ட் ஸ்கோப்பும் வராது. ஜாரை எழுதியவர் 'இதை யாரோ தருவார்கள்' என்று சொல்லிவிட்டார். அந்த யாரோ சர்வரா அல்லது உங்கள் வாரா என்பதை அப்ளிகேஷன் முடிவு செய்ய வேண்டும். சர்வர் தரும் என்றால் அங்கேயும் ப்ராவைடட் என்று மறுபடி எழுதுங்கள். சர்வர் தராது என்றால் கம்பைல் ஸ்கோப்பில் எழுதி வாருக்குள் அனுப்புங்கள். எது வாருக்குள் போகிறது என்ற முடிவு வாரைக் கட்டுகிறவரிடமே இருப்பதுதான் நல்லது. இந்த விதி எனக்குப் பிடித்தமானது.

கேள்வி: ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் இரண்டு வழியாக வந்தால் மேவன் புதியதைத்தானே எடுக்கும்?

பதில்: இல்லை. பக்கத்தில் இருப்பதை எடுக்கும். நிறையப் பேர் இடறி விழுவது இங்கேதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உங்கள் அப்ளிகேஷன் ஒரு ரிப்போர்ட் லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. அது ஜாக்சன் 2.9-ஐக் கேட்கிறது. இன்னொரு பக்கம் ஒரு கிளவுட் கிளையன்ட். அது ஒரு எச்டிடிபி லைப்ரரியைக் கேட்க, அந்த லைப்ரரி ஜாக்சன் 2.15-ஐக் கேட்கிறது. முதல் வழியில் ஜாக்சன் இரண்டாம் படியில் இருக்கிறது, இரண்டாம் வழியில் மூன்றாம் படியில். மேவன் எடுப்பது 2.9. ஏனென்றால் அதுதான் அருகில். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால், பாம் எக்ஸ்எம்எல்லில் எந்த வழியை முதலில் எழுதியிருக்கிறீர்களோ அது. மேவன் 2.0.9-இலிருந்து இந்த ஒழுங்கு நிலையாகிவிட்டது. இரண்டு வரியை மேலே கீழே மாற்றி எழுதினாலே வாருக்குள் வேறு ஜார் போய்விடும் என்பது இதன் இன்னொரு முகம்.

கம்பைலில் ஒன்றும் தெரியாது. உங்கள் கோடு ஜாக்சனை நேரே தொட்டிருக்கவே வேண்டாம். ஓடும்போது அந்த எச்டிடிபி லைப்ரரி, 2.9-இல் இல்லாத ஒரு மெத்தடைக் கூப்பிடும். 'நோ சச் மெத்தட் எர்ரர்' வரும். அதுவும் அந்த வழியில் முதல் ரிக்வெஸ்ட் வரும்போதுதான். டெஸ்டில் அந்த வழி ஓடாமல் போயிருந்தால் முதலில் பார்ப்பவர் உங்கள் வாடிக்கையாளர்.

ஜாக்சனில் இன்னொரு கோணமும் உண்டு. அது ஒரு ஜார் அல்ல. கோர், டேட்டாபைண்ட், அனோட்டேஷன்ஸ் என்று பிரிந்தே வருகிறது. மூன்றும் மூன்று வழியாக வந்தால் மூன்றும் மூன்று பதிப்பாக அமைந்துவிடலாம். மேவனுக்கு அவை மூன்றும் தனித்தனி ஜார்கள்; ஒரே குடும்பம் என்று அதற்குத் தெரியாது.

கிரேடில் வேறு மாதிரி. இயல்பாக அது உயர்ந்த பதிப்பை எடுக்கும். மேலே சொன்ன கதையில் 2.15 வந்திருக்கும். ரிப்போர்ட் லைப்ரரி அதை ஏற்றுக்கொள்ளுமா என்பதை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாறுகிறவர்கள் இரண்டு வாரையும் அருகருகே வைத்து ஜார் பட்டியலை ஒப்பிட்டே தீரவேண்டும். பில்டு டூல் மட்டும்தான் மாறியது என்று நினைத்திருப்பீர்கள். உள்ளே லைப்ரரியும் மாறியிருக்கும்.

கேள்வி: நான்கு அப்ளிகேஷனிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும் என்றால் வழி என்ன? ஒவ்வொரு பாம் எக்ஸ்எம்எல்லையும் கையால் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

பதில்: இந்தப் பகுதியில் ஒரே ஒரு பதிலைத்தான் நீங்கள் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பதிப்பைப் பொதுவாக்குங்கள், ஜாரை அவரவர் வாருக்குள் வையுங்கள்.

'டிபென்டென்சி மேனேஜ்மென்ட்' என்ற பகுதி இதற்காகத்தான் இருக்கிறது. அங்கே ஒரு லைப்ரரியின் பெயரையும் பதிப்பையும் எழுதினால் எந்த ஜாரும் எந்த வாருக்குள்ளும் போய்விடாது. 'யாராவது இதைக் கேட்டால் இந்தப் பதிப்பைக் கொடு' என்ற உத்தரவு மட்டும்தான் அது. சுற்றி வளைத்து வருகிறவர்களுக்கும் அந்த உத்தரவு பொருந்தும். முன் கேள்வியில் பார்த்த அருகாமைக் கணக்கை அது வென்றுவிடும். தேவையான அப்ளிகேஷன், பதிப்பு எண்ணே இல்லாமல் லைப்ரரியின் பெயரை மட்டும் எழுதினால் போதும்.

இதை ஒரு பேரன்ட் பாமில் வைக்கலாம். ஆனால் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பேரன்ட்தான். ஏற்கெனவே ஸ்பிரிங் பூட்டைப் பேரன்ட்டாக வைத்திருக்கும் டீம் என்ன செய்யும்? அதற்கு 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' இருக்கிறது. டிபென்டென்சி மேனேஜ்மென்ட் மட்டும் எழுதிய ஒரு தனிப் பட்டியல் அது. அதை 'இம்போர்ட்' ஸ்கோப்பில் இழுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்டதையும் இழுக்கலாம். ஸ்பிரிங் பூட்டும் ஜாக்சனும் தங்கள் பட்டியலைத் தாங்களே வெளியிடுகின்றன. ஜாக்சனின் பட்டியலை இம்போர்ட் செய்தால் கோர், டேட்டாபைண்ட் எல்லாம் வரிசைக்கு வந்துவிடும்.

இரண்டு விதிகளை மட்டும் மனதில் வையுங்கள். இரண்டு பட்டியல்கள் ஒரே லைப்ரரிக்கு வேறு வேறு பதிப்பு சொன்னால் முதலில் இம்போர்ட் ஆனது வெல்லும். நீங்கள் உங்கள் பாமிலேயே எழுதியது எந்த இம்போர்ட்டையும் வெல்லும்.

ஒரு டீமுக்கு அவசரமாக வேறு பதிப்பு வேண்டுமா? அந்த டீம் தன் பாமில் ஒரு வரி எழுதித் தனியாகப் போய்க்கொள்ளும். மற்ற மூவரையும் அது தொடாது. டாம்கேட் லிப்பில் போட்டிருந்தால் இந்தச் சுதந்திரம் இல்லை.

கேள்வி: ஆனால் ஐயா, பாதுகாப்பு ஓட்டை ஒன்று வந்தால்? பொது லிப்பில் இருந்தால் ஒரு ஜாரை மாற்றினால் முடிந்தது. வாருக்கு வார் இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி பில்டு செய்ய வேண்டாமா?

பதில்: பொது லிப்பின் பக்கம் நிற்கிறவர்களுடைய மிக வலுவான வாதம் இதுதான். அதனால் சோதனைக்கும் மிகக் கடினமான நாட்களையே எடுத்துக்கொள்வோம்: 2021 டிசம்பர், லாக்4ஜே.

சிவிஇ-2021-44228 வெளியானபோது திருத்தம் 2.15.0. அது முழுமையில்லை என்று 2.16.0. பிறகு 2.17.0. மாதம் முடிவதற்குள் 2.17.1. ஒரே மாதத்தில் நான்கு முறை ஜாரை மாற்ற வேண்டிய நிலை.

பொது லிப்பில் ஜாரை மாற்றியவர்கள் நிம்மதியாகத் தூங்க முடிந்ததா? டாம்கேட், சில விதிவிலக்குகள் தவிர, முதலில் அப்ளிகேஷனின் சொந்த வெப்-இன்ஃப் ஃபோல்டரைத்தான் பார்க்கிறது; அங்கே இல்லாவிட்டால்தான் பொது லிப். ஏதோ ஒரு வாருக்குள் லாக்4ஜே கோரின் பழைய பிரதி தங்கியிருந்தால், மேலே நீங்கள் வைத்த புதிய ஜாரை அந்த அப்ளிகேஷன் திரும்பியும் பார்க்காது. ஆகவே அவர்களும் ஒவ்வொரு வாரையும் அவிழ்த்துத் தேடத்தான் வேண்டியிருந்தது. போதாததற்கு, சில லைப்ரரிகள் லாக்4ஜேயின் கிளாஸ்களைத் தங்கள் ஜாருக்குள்ளேயே அரைத்துச் சேர்த்திருந்தன. ஃபைல் பெயரை வைத்துத் தேடினால் அவை அகப்படாது.

பதிப்புப் பட்டியல் ஒன்றாக இருந்தவர்களுக்கு வேலை வேறு விதம். பட்டியலில் ஒரு எண்ணை மாற்றி, பைப்லைனை ஓட்டி, டிபென்டென்சி ட்ரீயில் சரிபார்த்து, டிப்ளாய். நான்கு முறையும் அதே வேலைதான், அதே வேகம்தான். எந்த வாரில் எந்தப் பதிப்பு போனது என்ற பதிவும் பில்டில் தங்கிவிடும். ஆம், எல்லாவற்றையும் மறுபடி பில்டு செய்யத்தான் வேண்டும். ஒரு கட்டளையில் அதைச் செய்ய முடியாத நிலையில் உங்கள் டீம் இருந்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

கேள்வி: ப்ரொடக்‌ஷன் வாருக்குள் ஸ்னாப்ஷாட் ஜார் இருக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அதே பதிப்புப் பெயரில் நாளை வேறு கோடு வரும். பழுது வந்த அன்று எந்தக் கோடு ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: எங்களுடையது தனித்தனி வார் அல்ல, மூன்று வாரும் சில ஈஜேபியும் சேர்ந்த ஒரே இயர் கோப்பு. எங்களுக்கும் இதே அறிவுரைதானா?

பதில்: உங்களுக்கு வேறு. இயர் என்பதே சேர்ந்து பில்டு ஆகி, சேர்ந்து டிப்ளாய் ஆகி, சேர்ந்து வயதாகும் அப்ளிகேஷன். ரிலீஸ் தேதி ஏற்கெனவே ஒன்றுதான். ஆகவே பொது ஜார்களை இயரின் லிப் ஃபோல்டருக்கு ஏற்றுவது நியாயமே. 2006-இல் வந்த ஜாவா ஈஈ 5 அந்த ஃபோல்டருக்கு முறையான இடம் கொடுத்தது. அதற்கு முன்பு மேனிஃபெஸ்ட் கோப்பில் கிளாஸ்பாத் வரி எழுதி மாரடிக்க வேண்டியிருந்தது. மேவனின் இயர் ப்ளகினில் 'ஸ்கின்னி வார்ஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. இயர் லிப்பில் உள்ள ஜார்களை வார்களிலிருந்து அதுவே உருவிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். மேலே பார்த்த அதே விதி இங்கும் உண்டு: இயர் லிப்பில் உள்ள ஜாருக்கு வாருக்குள் இருக்கும் கிளாஸ் தெரியாது. அடுத்தது, வெப் ஃப்ராக்மென்ட் கோப்புடன் வரும் ஜார் வாரின் வெப்-இன்ஃப் லிப்பில் இருந்தால்தான் சர்வர் அந்தக் கோப்பைப் படிக்கும். இயர் லிப்புக்கு ஏற்றிவிட்டால் ஃபில்டரும் சர்வ்லெட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். அத்தகைய ஜார்களை வாரிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: 'கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன்' வருகிறது. இன்வாய்ஸ் கிளாஸை இன்வாய்ஸ் கிளாஸாக மாற்ற முடியாது என்கிறது! பேக்கேஜ் பெயர்கூட ஒன்றுதான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கிறது.

பதில்: ஜேவிஎம்முக்குக் கிளாஸின் அடையாளம் பெயர் மட்டும் அல்ல, பெயரும் அதை ஏற்றிய கிளாஸ்லோடரும் சேர்ந்ததுதான் அடையாளம். ஒரு ஜார் மேலேயும் இருக்கிறது, வாருக்குள்ளேயும் இருக்கிறது. மேலே உள்ள கோடு உருவாக்கிய இன்வாய்ஸ் வேறு. உங்கள் கோடு எதிர்பார்க்கும் இன்வாய்ஸ் வேறு.

ஜாவா 11 போன்ற புதிய பதிப்புகளில் ஓட்டினால் எர்ரர் செய்தியே துப்புக் கொடுக்கும். கடைசிவரை பொறுமையாகப் படியுங்கள். ஒவ்வொரு இன்வாய்ஸும் எந்த லோடரைச் சேர்ந்தது என்று சொல்லும். ஒன்றில் டாம்கேட்டின் பேரலல் வெப்ஆப் கிளாஸ்லோடர், மற்றதில் யூஆர்எல் கிளாஸ்லோடர் என்று இருந்தால், ஒன்று வாரிலிருந்து வந்தது, மற்றது பொது லிப்பிலிருந்து வந்தது. இரண்டிலும் பேரலல் வெப்ஆப் கிளாஸ்லோடர்தான் என்றால் அட் குறிக்குப் பின்னால் வரும் எண்களை ஒப்பிடுங்கள். எண் வேறாக இருந்தால் இரண்டு வெவ்வேறு அப்ளிகேஷன்கள், அல்லது ரீடிப்ளாய்க்கு முந்தைய பழைய பிரதி இன்னும் உயிரோடிருக்கிறது. ஜார் இரண்டு இடத்தில் இருப்பதுதான் காரணம் என்றால் மருந்து ஒன்றுதான்: ஓர் இடத்திலிருந்து அதை எடுங்கள்.

கேள்வி: இன்னொரு வாருக்குள் இருக்கும் சில கிளாஸ்கள் எங்கள் வாருக்கும் வேண்டும். அந்த வாரையே டிபென்டென்சியாகப் போட்டால் கம்பைல் ஆகவில்லை.

பதில்: ஆகாது. வாரை டிபென்டென்சியாகப் போட்டால் மேவன் அதை 'ஓவர்லே' என்று எடுத்துக்கொள்ளும். பேக்கேஜ் செய்யும்போது அந்த வாரின் ஜேஎஸ்பி, படம், ஜார் எல்லாவற்றையும் உங்கள் வாருடன் கலக்கும். கம்பைல் கிளாஸ்பாத்தில் எதையும் சேர்க்காது. வார் ப்ளகினில் 'அட்டாச் கிளாஸஸ்' என்ற அமைப்பை இயக்கினால் அந்த வாரின் கிளாஸ்கள் மட்டும் தனி ஜாராகவும் வெளிவரும். இது தற்காலிக ஒட்டு. பொதுவான கிளாஸ்களைச் சாதாரண ஜார் மாட்யூலாகப் பிரித்து இரண்டு வாரும் அதைக் கேட்கும்படி செய்வதே நிரந்தரம்.

கேள்வி: கிரேடிலில் 'ப்ராவைடட் கம்பைல்' போட்டேன். சம்பந்தமே இல்லாத வேறொரு ஜார் வாரிலிருந்து மறைந்துவிட்டது.

பதில்: சம்பந்தம் உண்டு. கிரேடிலின் வார் ப்ளகினில் ப்ராவைடட் வாலையும் சேர்த்து வெட்டும். கிரேடிலின் கையேடே ஓர் உதாரணம் தருகிறது. காமன்ஸ் எச்டிடிபி கிளையன்ட்டை ப்ராவைடட் என்று போட்டால், அது சார்ந்திருக்கும் காமன்ஸ் கோடெக்கும் வாரிலிருந்து போய்விடும். கோடெக்கை நீங்கள் தனியாக 'இம்ப்ளிமென்டேஷன்' என்று கேட்டிருந்தாலும் போய்விடும். அந்த ஒரு ஜார் மட்டும் விலக வேண்டும் என்றால் டிபென்டென்சியின் முடிவில் அட் குறியும் ஜார் என்ற சொல்லும் சேர்த்து எழுதுங்கள். வால் தப்பிக்கும்.

கேள்வி: விலைக்கு வாங்கிய ஒரு ஜார் எந்த ரெபாசிட்டரியிலும் இல்லை. 'சிஸ்டம்' ஸ்கோப்பில் டிஸ்க் பாதையைக் கொடுத்தோம். கம்பைல் ஆகிறது, சர்வரில் கிளாஸ் இல்லை என்கிறது.

பதில்: சிஸ்டம் ஸ்கோப்பில் உள்ளதை மேவன் வாருக்குள் வைக்காது. ப்ராவைடட் போலவே நடத்தும். அந்த ஸ்கோப்பை இனி யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று மேவனே ஒதுக்கிவைத்துவிட்டது. உங்கள் ஆபீஸுக்குள் ஒரு நெக்ஸஸ் அல்லது ஆர்ட்டிஃபாக்டரி வைத்து, அந்த ஜாருக்குப் பெயரும் பதிப்பும் கொடுத்து ஏற்றுங்கள். அதன்பிறகு அதுவும் மற்ற ஜார்களைப் போலத்தான்.

கேள்வி: ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனை ஜாவா கட்டளையாலும் ஓட்ட வேண்டும், வெளி டாம்கேட்டிலும் வைக்க வேண்டும். உள்ளே வரும் டாம்கேட்டை என்ன செய்வது?

பதில்: அந்த டாம்கேட் ஸ்டார்ட்டரை ப்ராவைடட் என்று குறியுங்கள். ஸ்பிரிங் பூட் அந்த ஜார்களை வெப்-இன்ஃப்பில் 'லிப்-ப்ராவைடட்' என்ற தனி ஃபோல்டரில் வைக்கும். கட்டளையால் ஓட்டினால் அதன் சொந்த லாஞ்சர் அங்கேயும் போய்ப் பார்க்கும். வெளி டாம்கேட்டுக்கு அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதே தெரியாது. ஒரே வார், இரண்டு வாழ்க்கை. யோசித்துச் செய்த அழகான ஏற்பாடு.

கேள்வி: டாம்கேட் 9-இலிருந்து 10-க்குப் போகிறோம். எல்லாம் உடைகிறது.

பதில்: உடையத்தான் செய்யும். ஜாவா ஈஈ எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போய் ஜகார்த்தா ஈஈ ஆனது. 2020-இல் வந்த ஜகார்த்தா ஈஈ 9-இல் பேக்கேஜ் பெயர்களே ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 10 அந்தப் புதிய பெயர்களில் நிற்கிறது. சர்வ்லெட்டைத் தொடும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் புதிய பதிப்பு வேண்டும். கோடை உடனே மாற்ற முடியாத வார்களுக்கு ஒரு வழி இருக்கிறது: டாம்கேட் 10-இல் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்ற ஃபோல்டரை உருவாக்கி அங்கே வைத்தால், பெயர்களை மாற்றி ஏற்றிக்கொள்ளும்.

லைப்ரரிகள் அவரவர் வாருக்குள் இருக்கும் டீம், அப்ளிகேஷன்களை ஒவ்வொன்றாகப் புதிய சர்வருக்கு நகர்த்தலாம். பொது லிப்பில் வைத்தவர்கள் எல்லா அப்ளிகேஷனையும் ஒரே இரவில் நகர்த்தியாக வேண்டும்.

கேள்வி: சரி, வார் குண்டாக இருப்பதற்கு என்னதான் மருந்து? ஒவ்வொரு டிப்ளாய்மென்ட்டுக்கும் அத்தனை எம்பியும் நெட்வொர்க்கில் போகிறது.

பதில்: கன்டெய்னரில் ஓட்டுகிறீர்கள் என்றால் மருந்து தயாராக இருக்கிறது. டாக்கர் இமேஜ் லேயர் லேயராக அடுக்கப்பட்டது. மாறாத லேயர் மறுபடி பயணப்படாது. மொத்த வாரையும் ஒரே லேயரில் வைத்தால், ஒரு வரி கோடு மாறினாலும் எல்லாமே போகும். லைப்ரரிகளைக் கீழ் லேயரிலும் உங்கள் கிளாஸ்களை மேல் லேயரிலும் வைத்தால் மேல் லேயர் மட்டும் போகும். கூகுளின் ஜிப் இதைத் தானாகவே செய்யும். ஸ்பிரிங் பூட்டும் 2020-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து இமேஜை இப்படிப் பிரித்துக் கட்ட உதவுகிறது.

கன்டெய்னர் இல்லாமல் டிஸ்க் இடம் மட்டும் கவலையென்றால், டாம்கேட் 8 முதல் வந்த 'போஸ்ட் ரிசோர்ஸஸ்' அமைப்பைப் பாருங்கள். டிஸ்க்கில் ஒரு பொது ஃபோல்டரை ஒவ்வொரு அப்ளிகேஷனின் வெப்-இன்ஃப் லிப்பாகவும் காட்டலாம். ஜார் டிஸ்க்கில் ஒன்று. கிளாஸ்களை ஒவ்வொரு அப்ளிகேஷனும் தனித்தனியே ஏற்றிக்கொள்ளும். ஸ்டாட்டிக் ஃபீல்டு கலப்பது இதில் இல்லை. ஆனாலும் அந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்பது பில்டுக்குத் தெரியாது என்பதால் நான் தயங்கித்தான் சொல்கிறேன்.

கேள்வி: இவ்வளவையும் மனிதர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியாது, பில்டு வைத்துக்கொள்ளட்டும். மேவனின் என்ஃபோர்சர் ப்ளகினைச் சேருங்கள். 'டிபென்டென்சி கன்வெர்ஜென்ஸ்' விதி, ஒரே லைப்ரரி இரண்டு பதிப்பாக வந்தால் பில்டை நிறுத்தும். 'பேன்ட் டிபென்டென்சீஸ்' விதி, நீங்கள் தடைசெய்த ஜார் எந்த வாசல் வழியாக வந்தாலும் நிறுத்தும். பழைய ப்ராஜெக்ட்டில் முதல் விதியை இயக்கிய அன்று திரை முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும். பயந்து அணைத்துவிடாதீர்கள், தினம் கொஞ்சமாகத் தீருங்கள்.

கேள்வி: இன்றைக்கே தொடங்க வேண்டும். எங்கிருந்து?

பதில்: இப்போது ப்ரொடக்‌ஷனில் ஓடும் வாரை எடுங்கள். அது ஒரு ஜிப் கோப்புதான். அவிழ்த்து வெப்-இன்ஃப் லிப்பைத் திறந்து ஜார்களைப் பெயர் வரிசையில் அடுக்குங்கள். சர்வ்லெட் ஏபிஐ இருக்கிறதா? ஒரே குடும்பத்து ஜார்கள் வேறு வேறு எண்ணில் இருக்கின்றனவா? டேட்டாசோர்ஸ் சர்வரில் இருக்கும்போது ஜேடிபிசி டிரைவர் இங்கே என்ன செய்கிறது? ஸ்னாப்ஷாட் என்ற சொல் எங்காவது தென்படுகிறதா? இதற்கு அரை மணி நேரம் போதும். அங்கே பார்த்ததை எழுதி உங்கள் டீமில் எல்லாருக்கும் அனுப்புங்கள். அடுத்த ரிலீஸுக்கு முன்பு பதிப்புப் பட்டியலை ஒன்றாக்குங்கள்.